நைரோபியில் வெயில்

மூன்றாவது கதையிலும் பிணம் ஸ்வெட்டர் போட்டிருந்தது.

செந்தமிழ்ச்செல்வி ஸ்வெட்டரைக் கவனிக்கவில்லை. பிணத்தின் பெயரைத்தான் தேடினாள். தமிழ்ப் பெயர் இல்லை. பக்கத்தில் போர்வெல் லாரியும் நிற்கவில்லை. அப்பாடா என்று அடுத்த கதைக்குப் போனாள்.

மூங்கில்துறைப்பட்டு நூலகத்தில் அந்தப் புத்தகத்தை அட்டை பார்த்து எடுத்ததுதான் தப்பாகிவிட்டது. அட்டையில் நைரோபி என்று இருந்தது. அவள் புருஷன் தமிழரசன் போர்வெல் வண்டியில் வேலைக்குப் போயிருக்கிற ஊர். அவன் நடக்கிற தெருவை எழுத்திலாவது பார்க்கலாம் என்று ஆசையாகப் பிரித்தாள்.

பிரித்தால், பக்கத்துக்குப் பக்கம் கொலை. அந்த ஊர்க்காரர்கள் பல பேர் ஆளுக்கொரு கதை எழுதியிருந்தார்கள். அத்தனை பேரும் சொல்லிவைத்த மாதிரி ஆளைத் தீர்த்துக்கட்டியிருந்தார்கள். ஒருவர் சந்தைக்குப் பின்னால், ஒருவர் பஸ் நிறுத்தத்தில், ஒருவர் பட்டப்பகலில் டீக்கடை வாசலில். அதை வேறு யாரோ மெனக்கெட்டுத் தமிழில் பெயர்த்திருந்தார்.

கரும்பில் சோகை உரிக்கும்போதுகூட காதுக்குள் துப்பாக்கி வெடித்தது. மூடிவைக்கவும் முடியவில்லை. அடுத்த கதையில் அவன் இருந்துவிட்டால்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பேய் கேட்கவில்லை.

மாசி மாதம் அவன் புறப்பட்டபோது கூட்டாளிகள் பஸ் நிறுத்தத்தில் பேனர் கட்டினார்கள். 'ஆப்பிரிக்காவையே துளைக்கப் போகும் எங்கள் அண்ணன் தமிழரசன்!' பக்கத்தில் வாயைப் பிளந்த ஒரு சிங்கம். சிங்கத்தைவிட அவன் பெரிதாக இருந்தான். அந்த வாரமே ஊர் அவளுக்கு நைரோபிக்காரி என்று பேர் வைத்துவிட்டது.

அங்கே நிஜமாகவே சிங்கம் வருமா என்று ஒருமுறை போனில் கேட்டாள். வரும், ஆனால் கம்மியாகத்தான் வரும் என்றான். அவள் நம்பினாள். ஊரும் நம்பியது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, அவன் பேசுகிற நாள். மத்தியானம் வாட்ஸப்பில் கூப்பிட்டான். வழக்கம்போல் குரல் மட்டும். வீடியோ போட்டால் முதலாளி திட்டுவாராம்.

எடுத்த எடுப்பிலேயே அழுதுவிட்டாள்.

"வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம். வூட்டுக்கு வந்துடுங்க. அங்க தெனம் ஆள அடிச்சிப் போட்டுக்கினு இருக்காங்களாமே!"

அவன் சிரித்தான். "எவ சொன்னா உனுக்கு? இங்க அதெல்லாம் ஒண்ணும் கெடையாது செல்வி. வெயிலு ஒண்ணுதான் ஜாஸ்தி. ஆடி மாசத்துலயும் மண்டையப் பொளக்குது. ஆப்பிரிக்கா இல்ல?"

அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

வெயிலா?

மடியில் கிடந்த புத்தகத்தைப் புரட்டினாள். ஜூலை மாதம் என்று தொடங்குகிற கதை. காவலாளி கரி அடுப்பில் கை காய்ச்சுகிறான். துப்பறிய வந்தவர் கோட்டுக்கு மேல் கோட்டு போட்டிருக்கிறார். கொலைகாரனுக்குச் சளி பிடித்திருக்கிறது. மார்கழியில் வெள்ளிமலைக்கு ஏறினால் எப்படி இருக்குமோ, அப்படி அந்த ஊரே ஆடி மாதத்தில் நடுங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்வெட்டர் இல்லாமல் அங்கே பிணம்கூட விழவில்லை.

ஆப்பிரிக்கா என்றால் எங்கும் எப்போதும் வெயில்தான் என்று சொல்கிறவர்கள் அங்கே போகாதவர்கள். இந்தப் பக்கத்தைப் புரட்டும்வரை அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கேட்கவில்லை, அவனுக்குப் பின்னால் கேட்டாள். தூரத்தில் ஒரு மைக் கரகரத்தது. தாய்மார்களே, அம்மனுக்குப் படையல் முடிந்தது, கூழ் வாங்குகிறவர்கள் பாத்திரத்தோடு வரிசையில் வரவும்.

முழுப் பூசணிக்காயை இத்தனை மாதமாகச் சோற்றில் மறைத்திருக்கிறான்.

ஏஜெண்டு ஏமாற்றினானோ, விசாதான் வரவில்லையோ. எதுவாக இருந்தாலும், அவ்வளவு பெரிய சிங்கத்தோடு வழியனுப்பி வைத்த ஊருக்குள் எந்த முகத்தோடு திரும்பி வருவான்?

கோபம் வரவேண்டிய இடம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. புத்தகம் முழுக்க ஆட்கள் செத்துக் கிடக்கிறார்கள். அதில் ஒரு தெருவில்கூட அவள் புருஷன் கால் வைத்ததில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். புத்தகத்தை மூடினாள்.

"ஏங்க, வர்ற நாயித்துக்கெழம நம்ம தெருவுலயும் கூழு ஊத்தறாங்க. ஒரு பஸ்ஸப் புடிச்சி வந்துடுங்க."

அந்தப் பக்கம் மைக் மட்டும் தாய்மார்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. போன் கட்டாகிவிட்டதோ என்று ஒருமுறை எடுத்துப் பார்த்தாள். இல்லை, இருந்தான்.

கடைசியில், சின்னக் குரலில் கேட்டான்.

"அந்த பேனர கயட்டிட்டாங்களா?"

செந்தமிழ்ச்செல்வி கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அது சித்திரக் காத்துலயே அவுந்து வுயுந்துடுச்சிங்க. ஆட்டுக் கொட்டாய்க்கு மேல போட்டுட்டேன். உங்க மூஞ்சி உள்பக்கந்தான். ஆடுங்க மட்டுந்தான் பாத்துக்கினு இருக்குது."