எசமானியம்மா விளையாட்டு

"சோறு குழைஞ்சுபோச்சு. உங்களுக்கு வேலை கிடையாது, போங்க!" என்று எசமானி போல அதட்டினாள் சாகிரா.

லெப்பைக்குடிக்காடு ஊரே குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். அந்த வீட்டில் தினமும் இந்த விளையாட்டுதான். அவள் எசமானி, புருஷன் கவுஸ் வேலைக்காரன். வாரம் ஒரு இலக்கு வைப்பாள். முதலில் சோறு, அது தேறினால் துணி வெளுப்பது, பிறகு மீன் ஆணம் எனும் குழம்பு. தவறினால் மறுபடியும் அதே வேலை.

"குவைத்து போறதுக்குள்ள பெரிய சமையக்காரனா ஆயிடுவ போலருக்கே மாப்ளே!" என்று பக்கத்து வீட்டு சுக்கூர் கேலி செய்தார். கவுஸ் சிரித்து மழுப்பினான்.

கடைசி வாரம் அவன் வைத்த ஆணத்தை ருசி பார்த்துவிட்டு, "பாஸாயிட்டீங்க" என்றாள் சாகிரா.

மறுநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"புள்ளைங்க பசி தாங்காதுங்க. நேரத்துக்குப் போட்டுடுங்க" என்றாள் சாகிரா, ஜன்னலுக்குள்ளிருந்து.

குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டிடம் இருந்தது வீட்டு வேலைக்காரி விசா மட்டும்தான்.

பஸ் நகர்ந்தது. கவுஸின் இடுப்பில் இருந்த மகள் கேட்டாள்: "அத்தா, உம்மா அங்க யாருக்குச் சோறாக்கும்?"