தகட்டுக்கு அடியில் ஒரு காகிதம்

போங்களேன், வாசனை அந்தப் பக்கம்தானே இருக்கிறது, போய்த் தொலையுங்களேன். காலையிலிருந்து நுண்ணோக்கியில் குனிந்து மனதுக்குள் இப்படிக் கெஞ்சிக்கொண்டிருக்கும் சந்தனச்செல்விக்குக் கழுத்து கடுக்கிறது. கண்ணாடித் தகட்டின் வலது ஓரத்தில் முத்துச்சிப்பி முட்டைகள் ஊறிய கடல்நீரில் ஒரு சொட்டு விட்டிருக்கிறாள். அதை மோந்து நீந்திவர வேண்டிய விந்தணுக்கள் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கின்றன. ஜன்னல் வழியே திரேஸ்புரத்து மீன் ஏலக் கூச்சல். இவள் வேலையை இன்னொரு வருடம் நீட்டிப்பதா என்று முடிவுசெய்ய வந்தவர்கள் மாடிப்படி ஏறுகிறார்கள். பேராசிரியர் சொரிமுத்து ஒரு காகிதத்தை மடித்துத் தகட்டின் இடது நுனிக்கு அடியில் செருகுகிறார். "லேசாச் சரிச்சு வச்சா எல்லாம் அங்கன வந்துரும்லா. பாக்க வாரவங்களுக்கு என்ன தெரியப்போவுது? நீந்துதுன்னு சொல்லும்மா." "இது நீந்துறது இல்ல சார், வழியுறது" என்று மெதுவாகச் சொல்லி, அவள் காகிதத்தை உருவிவிடுகிறாள்.