புது வைன்

"பழசு எனக்கு ஒத்துவரல மச்சான். நேத்து புது வைன் இறக்கி ஏத்தினேன் பாரு, அடேங்கப்பா, சும்மா ஜம்முன்னு போகுது!"

ஃபோனை வைத்துவிட்டு டாரல் திரும்பினால், கொசுவலைக் கதவுக்கு வெளியே நெரிடா நின்றுகொண்டிருந்தாள்.

சுரங்கத்து ஆரஞ்சுச் சட்டை, கையில் மகள் பிப்பாவின் பை. பிப்பா இன்னும் காரில்தான் இருந்தாள்.

"ஜம்முன்னு போகுதோ?" என்றாள் நெரிடா.

எவ்வளவு கேட்டிருப்பாள் என்று டாரல் கணக்குப் போட்டான். போன வருஷம்வரை அவள் அவன் மனைவி. இப்போது சுரங்க முகாமில் லாரி ஓட்டப் போகும் வாரங்களில் மட்டும் பிப்பாவை அவனிடம் விட்டுப்போகிறாள். அதற்கும் ஒரே ஒரு நிபந்தனை. மறுபடி சீட்டைத் தொட்டான் என்று தெரிந்தால், பிப்பா தொலைதூர ஜெரால்ட்டனில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவாள். அப்புறம் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ்தான் மகள் முகம்.

சீட்டு என்றால் கணினியில் முகம் தெரியாதவர்களோடு ஆடும் போக்கர். ஆஸ்திரேலியச் சுரங்க ஊரான கல்கூர்லியில் அவர்கள் வாங்கிய வீட்டை முழுங்கி ஏப்பம் விட்டது அதுதான்.

அந்த போக்கர் விண்டோஸில் மட்டுமே ஓடும். அதனால் நெரிடா தன் தம்பியைக் கூட்டிவந்து டாரலின் லேப்டாப்பில் விண்டோஸை அழித்து லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தைப் போட வைத்தாள். தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தாள், பாவம்.

ஆனால் விண்டோஸ் சரக்கை லினக்ஸில் ஓட்டிக்காட்டுவதற்கென்றே ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதற்கு யாரோ புண்ணியவான்கள் வைன் என்று பெயர் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். டாரல் வாரக்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டினான். நேற்று அதன் புதுப் பதிப்பை இறக்கி ஏற்றியதும்தான் போக்கரின் பச்சை மேஜை திரையில் விரிந்தது. இந்த உழைப்பில் பாதியை வேலையில் காட்டியிருந்தால் இந்நேரம் ஃபோர்மேன் ஆகியிருப்பான்.

"மறுபடி ஏத்திக்க ஆரம்பிச்சிட்டியா? அதுவும் பட்டப்பகல்ல? பிள்ளை வர்ற நாள்ல?"

ஏத்திக்க என்ற சொல்லைக் கேட்டதும் டாரலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் குடியைச் சொல்கிறாள்!

இந்த ஊரில் குடி ஒரு குற்றமே இல்லை. லீவு விட்டால் நெரிடாவே பீரோடுதான் உட்காருவாள். கத்துவாள், மானத்தை வாங்குவாள், கடைசியில் போனால் போகிறதென்று விட்டுவிடுவாள். குடிகாரனை அவள் மன்னித்து அவன் பார்த்திருக்கிறான். சீட்டுக்காரனை மன்னித்துப் பார்த்ததில்லை.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"ஆமா நெரிடா. வைன்தான். தப்புதான்."

"எவ்வளவு?"

"ரெண்டு கிளாஸ்."

"கிளாஸ் எங்க?"

"இப்பதான் கழுவி வச்சேன்."

"நீ? கிளாஸ் கழுவினே?" என்றாள். கூட வாழ்ந்த காலத்தில் அவன் ஒரு ஸ்பூன் கழுவி அவள் பார்த்ததில்லை.

பதிலுக்குக் காத்திராமல் காருக்குப் போனாள். ஊதினால் மூச்சில் உள்ள சாராயத்தை அளந்து காட்டும் கையடக்கமான கருவி ஒன்றோடு திரும்பி வந்தாள்.

சுரங்கத்தில் வேலை செய்கிற முக்கால்வாசிப் பேரின் காரில் அது கிடக்கும். வேலைக்குப் போனால் வாசலில் ஊதிக் காட்ட வேண்டும். பூஜ்யம் வந்தால்தான் உள்ளே விடுவார்கள். அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டாமே என்று நெரிடா ஒவ்வொரு தடவையும் வீட்டிலேயே ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். மடையன் இதை எப்படி மறந்தான்?

"ஊது. கம்மியா இருந்தா, காபி போட்டுக் குடுத்து, நீ தெளியறவரைக்கும் இருந்து, பிள்ளையை விட்டுட்டுப் போறேன்."

"நேத்துக் குடிச்சது நெரிடா. இப்ப எங்க தெரியப்போகுது..."

"இப்பதான் கிளாஸ் கழுவினேன்னே. ஊதுடா!"

ஊதினான். ஐயோ, பூஜ்யம் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு ஊதியவன் இந்த ஊரில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

கருவி கீச்சென்றது. பூஜ்யம்.

நெரிடா அதைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி நீட்டினாள். மறுபடி ஊதினான். மறுபடி பூஜ்யம்.

அவளுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. சிரித்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். ஆனால் அவள் பார்வை அவன் தோளைத் தாண்டி, சமையலறை மேஜையில் பாதி மூடிக் கிடந்த லேப்டாப்பில் போய் நின்றது.

"குடிச்சிட்டு, குடிக்கலேன்னு சத்தியம் பண்றவனுங்களைத் தினம் கேட்ல பாக்கறேன். குடிக்காமயே குடிச்சேன்னு ஒத்துக்கறவனை இப்பதான் பாக்கறேன். உள்ள என்னடா ஓடுது?"

டாரல் லேப்டாப் தெரியாதபடி கதவை மறித்துக்கொண்டு நின்றான். அவளுக்கு அது போதும்.

அவள் கத்தவில்லை. காறித் துப்புகிற முகத்தோடு ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பிப்பாவின் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். டாரல் பின்னாலேயே ஓடினான்.

பின்சீட்டு ஜன்னல் இறங்கியது. பிப்பா தலையை வெளியே நீட்டினாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா ஊதுவதைப் பார்த்து வளர்ந்த பெண்.

"எனக்கு அந்தக் கீச் கேட்டுச்சு! பூஜ்யம்தானே? அப்பா பாஸ்! நான் இறங்கட்டுமா?"

கேட்டுக்கொண்டே அவள் தானாகவே பெல்ட்டைக் கழற்றத் தொடங்கினாள்.