குடித்த பிறகு பேச்சு

தீவு மக்களின் சமாதானத்தை ஆராயும் சுகந்தினி இரண்டாம் முறையாக வள்ளத்தை விட்டு இறங்கியபோது ஒருவரும் அவள் பையை வாங்க வரவில்லை. மெற்றில்டா மட்டும் தன் வாசலில் நாற்காலி போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தீவில் வந்தவர் தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு. சுகந்தினி ஒரு மிடறு விழுங்கினாள். கடலைக் குடித்ததுபோல இருந்தது.

"போன முறை தண்ணி நல்லா இருந்ததே, அக்கா?"

"அது நல்ல தண்ணிக் கிணறு. விடிய நாங்கள் அள்ளுவம், பின்னேரம் கீழ்க்கரை ஆக்கள் அள்ளுவினம். கிணறு ஆருடையது எண்டு நாப்பது வரியமா ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள்தான் வீடு வீடாப் போய்க் கேட்டனீங்கள், மிஸ். இப்ப ரெண்டு பகுதியும் கிணறு தங்கட எண்டு வழக்குப் போட்டு, நீங்கள் எழுதின புத்தகத்தைத்தான் கோட்டில காட்டுது. கிணத்துக்குப் பூட்டு."

"நான் நீங்கள் ஒற்றுமையா இருக்கிறதைத்தானே எழுதினன்..."

"குடியுங்கோ."

படலைக்கு வெளியே ஆட்கள் சத்தமில்லாமல் கூடியிருந்தார்கள். இரண்டு கரை ஆட்களும் இருந்தார்கள். சுகந்தினி கண்ணை மூடிக்கொண்டு செம்பைக் காலி செய்தாள். பிறகு, வேறென்ன செய்வதென்று தெரியாமல், வினாக்கொத்தை எடுத்து மடியில் வைத்தாள்.

மெற்றில்டா குடத்தைச் சரித்துச் செம்பை மறுபடி நிரப்பினாள்.

"இந்த முறை எத்தினை கேள்வி, மிஸ்?"