பார்சலுக்கு எதுக்கு டிப்ஸ்?

"ஏ பிள்ளே, நீ எனக்கு இலை போட்டியா? தண்ணி வச்சியா? பிறகு எதுக்கு உனக்கு டிப்ஸு?"

பச்சைக் கட்டம் போட்ட சட்டைக்காரர் பார்சல் கவுண்டரில் ஓங்கி அடித்த அடியில் சட்னிப் பொட்டலங்கள் எழுந்து நின்று உட்கார்ந்தன. பக்கத்துக் கரமனை ஆற்றில் மீன்கள்கூடத் துள்ளியிருக்கும்.

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஹரிநாராயணனுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். பார்சலுக்கு டிப்ஸ் கிடையாது என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. கவுண்டரில் 'டிப்ஸ்' என்று எழுதி ஒரு காலி ஊறுகாய் பாட்டிலை வைத்த நாளிலிருந்து, அதை எதிரி நாட்டு எல்லையைப் பார்ப்பதுபோல் பார்த்து வருகிறார்.

இன்று கிளம்பும்போதுகூட மனைவி சுப்புலக்ஷ்மி கெஞ்சினாள். "பத்து ரூபாயாவது போட்டுட்டு வாங்கோளேன். அந்தப் பொண்ணு முகத்துல என்னாலே முழிக்க முடியலை."

"அந்த பாட்டில்ல நான் காசு போட்டா என் பேர் ஹரிநாராயணன் இல்லை!" என்று சபதம் போட்டுவிட்டுத்தான் ரசவடை வாங்க வந்திருந்தார்.

கவுண்டருக்குப் பின்னால் நின்ற பொன்செல்வி தலை நிமிரவில்லை. "நான் கேக்கலியே சார். பாட்டில் அது பாட்டுக்கு இருக்கு. இஷ்டம்னா போடுங்க."

"அது பாட்டுக்கா இருக்கு? என்னையே மொறைச்சுப் பாக்குது!" பச்சைச் சட்டை எகிறினார். "கவருக்குக் காசு, டப்பாவுக்குக் காசு, இப்போ அதைக் கட்டித் தந்ததுக்கும் காசா? நாளைக்கு வாசனை பிடிச்சதுக்கும் கேப்பே!"

ஹரிநாராயணன் மனசுக்குள் கைதட்டினார். அத்தனையும் அவருடைய சொந்த வசனம். வீட்டில், பஸ்ஸில், பார்க்கில் அவர் பேசிப் பேசித் தேய்த்தது.

ஆனால் அந்த ஆள் அதோடு நிறுத்தவில்லை.

"கையேந்துறதுக்குப் புதுப் பேரா டிப்ஸு? அதுக்குக் கோயில் வாசல்ல போய் உக்காரு, போ!"

வரிசை மொத்தமும் உச்சுக் கொட்டியது. பொன்செல்வியின் கண்ணில் குளம் கட்டிவிட்டது.

கத்திக் கத்தி அந்த மனிதருக்குத் தொண்டை கம்மியது. பொன்செல்வி சீரக வெந்நீர் ஒரு டம்ளர் எடுத்து, கேட்காமலேயே அவர் பக்கம் நகர்த்தினாள். அவரும் அதை ஊதி ஊதிக் குடித்து முடித்து, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தார்.

திட்டுகிற ராட்சசனுக்கும் வெந்நீர் கொடுக்கிற மனசு! ஹரிநாராயணன் நெய்யாய் உருகிப்போனார்.

பின்னால் ஹெல்மெட்டோடு நின்ற இளைஞனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பத்து ரூபாய் போட்டுவிட்டுப் போனால்தான் என்ன என்று மலையாளத்தில் பாய்ந்தான். "எந்தா சேட்டா இது? ஒரு பத்து ரூபா இட்டேச்சு போயிக்கூடே?"

"நீ யாருடே கேக்க?" என்று அவனை ஒரு முறை முறைத்த பச்சைச் சட்டை, சட்டென்று ஹரிநாராயணன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். பாத்தா பெரிய ஆபீஸர் மாதிரி இருக்கிய. நீங்களும் என் கட்சிதானே?"

அத்தனை கண்களும் ஹரிநாராயணன் மேல் விழுந்தன. அவருக்கு உச்சந்தலையிலிருந்து வேர்த்துக் கொட்டியது. தன் வாயிலிருந்து வரும்போது நியாயமாக ஒலித்த பேச்சு, இந்த ஆள் வாயிலிருந்து வரும்போது சாக்கடையாக நாறியது. இந்தக் கட்சியிலா இத்தனை வருஷம் இருந்தோம்?

"நானா? உம்ம கட்சியா?" அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "என்ன பேச்சாக்கும் ஓய் பேசறீர்? பாவம் கொழந்தை, கால் கடுக்க நிக்கறது. மனுஷனா நீர்?"

"நீங்க மனுஷன்தானே? போடுங்களேன் பாப்போம்!"

ஹரிநாராயணனின் கை சட்டைப் பைக்குள் பாய்ந்தது. எடுக்க நினைத்தது பத்து. வெளியே வந்தது நூறு. ஊரே பார்க்கும்போது அதை மறுபடி உள்ளே வைக்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலுக்குள் திணித்தார்.

அவ்வளவுதான். ஹெல்மெட் இளைஞன் ஐம்பதை நீட்டினான். அவனுக்குப் பின்னால் நின்ற டீச்சரம்மா இருபது போட்டார். பாட்டிலுக்கு மூச்சு முட்டிவிட்டது.

"நல்லா இருங்க எல்லாரும்! இப்படியே கொடுத்துக் கொடுத்து நாட்டைக் கெடுங்க!" பச்சைச் சட்டை, கட்டி வைத்த பார்சலைக்கூட எடுக்காமல் காறித் துப்பிவிட்டுப் போனார்.

போரில் ஜெயித்த ராஜா மாதிரி ரசவடைப் பார்சலோடு ஹரிநாராயணன் நடந்தார். சபதப்படி சுப்புலக்ஷ்மியிடம் தனக்கு என்ன புதுப் பெயர் சொல்வது என்று யோசித்தபடி தெருமுனைக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. குடையைக் கவுண்டரிலேயே மாட்டிவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது.

திரும்பி ஓடினார். வரிசை கலைந்திருந்தது. கவுண்டரில் யாருமில்லை; பாட்டிலையும் காணோம். குடை மட்டும் கொக்கியில் தொங்கியது.

அதை எடுக்கக் கை நீட்டியபோது, பின்கட்டில் யாரோ தொண்டையைக் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. காற்றில் திரை விலகியது. கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் பச்சைக் கட்டம் போட்ட சட்டை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பொன்செல்வி, அந்தப் பார்சலைப் பிரித்து அவர் மடியில் வைத்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள்:

"அப்பா, நாளைக்கு வேற சட்டை போட்டுட்டு வாங்க."