ஒரே ஊசி

பிரேம்குமாருக்கு லாயக்காரர் ரஞ்சனைக் கண்டாலே இளக்காரம். முன்னங்குளம்பு வலியில் நொண்டும் தன் குதிரை ராணியை வைத்துக்கொண்டு அவர் மூன்று மாதமாக மூக்கால் அழுகிறார்.

அன்று காலை கொல்கத்தா டாலிகஞ்சில் ரஞ்சனின் லாயத்தில், பிரேம்குமார் கண்ணெதிரே, கால்நடை டாக்டர் ஸ்மிதா ராணியின் குளம்புக்கு மேலே ஓர் ஊசி போட்டார். பத்தே நிமிஷம்தான். கல் தரையில் ராணி பிசகில்லாமல் துள்ளி ஓடியது.

'ஒரே ஊசி! இது தெரியாத முட்டாளுக்குக் குதிரை ஒரு கேடு!'

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பிரேம்குமார் தெருமுனை டீக்கடைக்கு விரைந்தார். அங்கேதான் ரஞ்சன் உட்கார்ந்திருந்தார்.

"ரஞ்சன்தா, அந்த நொண்டிக் குதிரையை எவன் வாங்குவான்? பாவம் பார்த்து நானே எடுத்துக்கறேன். இப்பவே எழுதிக் குடுங்க."

"அவசரப்படாதே. டாக்டர் பார்த்துட்டுச் சொல்லட்டுமே."

"டாக்டர் கிடக்கட்டும். நீங்க எழுதுங்க."

கையெழுத்தான விற்பனைக் காகிதத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பிரேம்குமார் லாயத்துக்குத் திரும்பி வந்தார்.

"பிரமாதமான மருந்து, டாக்டர்!"

"மருந்தா? அது மரத்துப்போற ஊசி சார். எந்த இடம் மரத்தா நொண்டல் நிக்குதுன்னு பார்த்து, வலி எங்கேன்னு கண்டுபிடிக்கப் போட்டேன். குளம்புக்குள்ள எலும்பே கெட்டிருக்கு. ரெண்டு மணி நேரத்துல பழையபடி நொண்டும். இனிமே சவாரிக்கு ஆகாது."

ஸ்மிதா பெருமூச்சு விட்டார்.

"பாவம், இதோட சொந்தக்காரர்கிட்ட எப்படிச் சொல்லப் போறேனோ!"