கடிகாரத்தை இறக்கும்போது

அருப்புக்கோட்டையில் ஒரு வியாபாரக் குடும்பத்தின் வீட்டுக் கூடத்திலேயே ஏலம் நடக்கிறது. பெல்ஜியம் கண்ணாடியும் பிரெஞ்சு நாற்காலிகளும் விலைபோய் வாசல் வெயிலில் நிற்கின்றன. மிச்சம் ஜெர்மன் சுவர்க்கடிகாரம். அதை இறக்க ஆள் ஏறியிருக்கும் ஏணியைப் பிருந்தா இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறாள். "இத மட்டும் விட்டுருங்க அத்தான். கண்ணு தெரியாத உங்க தம்பி இந்தச் சத்தத்த வச்சுத்தான வீட்டுக்குள்ள நடமாடுறாக." "எல்லாத்தையும் வித்துப் பிரிக்கிறதுன்னு பேசியாச்சும்மா" என்கிறார் கணவனின் அண்ணன் சௌந்தரபாண்டியன், தரையைப் பார்த்தபடி. ஏணியில் நிற்பவன் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்துகிறான். சத்தம் அறுந்ததும், அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்த அவள் கணவர் நவநீதகிருஷ்ணன் அப்படியே நின்றுவிடுகிறார். அவர் கைகள் காற்றைத் துழாவுகின்றன. "பிருந்தா, நான் எங்க நிக்கிறேன்?" இன்னும் ஓரடி வைத்தால் முற்றத்துப் பள்ளம். அவள் ஏணியை விட்டுவிட்டு ஓடுகிறாள். பின்னால் ஏலக்காரர் கடிகாரத்துக்கு விலை கேட்கத் தொடங்குகிறார்.